தள்ளப்பட்ட மூலம்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் பாடசாலைகளிற் பிரயோக கணிதம் கற்ற எவரும் ஒரு சிறு வசனத்தை மறந்திருக்கமாட்டார். எறியம் பற்றிய கணக்கொன்றில் இருபடிச் சமன்பாடு தோன்றும். அதனைத் தீர்த்தால் நேரத்துக்கு இரண்டு பெறுமானங்கள் கிடைக்கும். அவற்றுள் ஒன்று மறையாக இருக்குமாயின், ‘நேரம் மறையாகாது, ஆகவே இவ்விடை தள்ளப்படும்’ என்று எழுதிக் கோடு கிழித்துவிட்டு, மற்றையதை விடையெனக் காட்டுவது வழக்கம். ஆசிரியர் அவ்வாறு கரும்பலகையில் எழுதினார். மாணவர் கொப்பியில் எழுதினர். அம்மாணவர் ஆசிரியராகிய பின்னர் தம் மாணவருக்கும் அவ்வாறே எழுதிக் காட்டினர். தலைமுறை தலைமுறையாக வந்த இந்த வசனத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதனை ஆராயப் புகுந்தால், நமது கல்வியின் சரித்திரமும் உடன் வந்து நிற்கிறது.

முதலிற் கணக்கை எடுத்துக்கொள்வோம். 48 அடி உயரமான பனையின் வட்டிலிருந்து ஒருவன் ஒரு கல்லைச் செக்கனுக்கு 32 அடி வேகத்தில் நேர் மேலே எறிகிறான். ஈர்ப்பினாலான ஆர்முடுகல், பழைய பாடநூல்களின் வழக்கப்படி, செக்கனுக்குச் செக்கன் 32 அடி எனக் கொள்க. கல் எப்பொழுது நிலத்தை அடையும்? நேரத்தை ‘ந’ என்று குறித்தால், 16ந² − 32ந − 48 = 0 என்னும் சமன்பாடு கிடைக்கும். சுருக்கினால் ந² − 2ந − 3 = 0. மூலங்கள் 3, −1. கல் மூன்று செக்கனில் நிலத்தை அடையும் என்பது விடை. மற்றது தள்ளப்படும்.

ஆனால் அந்த −1 எங்கிருந்து வந்தது? கணக்கிற் பிழை ஏதும் இல்லை. இட்டுப் பார்த்தால் அதுவும் சமன்பாட்டைத் திருப்தி செய்கிறது. ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம்: சமன்பாட்டுக்குப் பனை தெரியாது; அதன் உச்சியிலிருந்து எறிந்தவனையும் தெரியாது. சுழியமாகிய அந்தக் கணத்திற் கல் 48 அடி உயரத்தில் நின்றது, 32 அடி வேகத்தில் மேலே போய்க்கொண்டிருந்தது என்ற இரண்டு செய்திகளை மாத்திரமே நாம் அதற்குச் சொன்னோம். அவ்விரு செய்திகளையும் கொண்டு அது முன்னும் பின்னும் பார்க்கிறது. பின்னோக்கிப் பார்த்து அது சொல்வது இதுதான்: ‘இக்கல்லை ஒரு செக்கனுக்கு முன்னர் பனையடியில் நின்ற ஒருவர் மேலே எறிந்திருந்தாலும் இதே இயக்கமே நிகழ்ந்திருக்கும்.’ என்ன வேகத்தில் எறிந்திருக்க வேண்டும் என்று கணித்தால் செக்கனுக்கு 64 அடி என்று வரும். ஒரு செக்கனில் அக்கல் 48 அடி ஏறி, வேகம் 32 அடியாகக் குறைந்து, வட்டைக் கடக்கும். பின்னர் மூன்றாம் செக்கனில் நிலத்தில் விழும்போதும் அதன் வேகம் அதே 64 அடிதான். ஏறிய வேகமும் இறங்கிய வேகமும் ஒன்றென்ற உண்மை, தள்ளப்பட்ட விடைக்குள்ளேதான் இருந்தது.

ஆகவே −1 பொய்யன்று. நாம் கேளாத ஒரு கேள்விக்கு அது மெய்யான விடை. நமது கேள்வி பனையின் வட்டில் தொடங்கியது. ஆகையால் அவ்விடை நமக்கு வேண்டியதில்லை என்று விலக்குகிறோம். விலக்கும் அதிகாரம் சமன்பாட்டினுடையதன்று. வட்டில் ஒருவன் இருந்தான், கல் அங்கிருந்துதான் புறப்பட்டது என்ற உலக நடப்பே அவ்வதிகாரத்தைத் தருகிறது. ‘நேரம் மறையாகாது’ என்ற வசனமோ இந்தக் காரணத்தை மூடி மறைத்துவிடுகிறது. நேரம் மறையாகலாம், எறிந்த கணத்துக்கு முந்திய காலம் எதுவும் அவ்வாறே குறிக்கப்படும். நேற்று என்பது இன்றிலிருந்து மறை ஒன்று அன்றோ?

இத்தகைய விடைகளை என்ன செய்வது என்ற பிரச்சினை மிகப் பழையது. 628ஆம் ஆண்டில் பிரமகுப்தர் மறையெண்களுக்கு விதி வகுத்தபோது நேரெண்ணைத் தனம் என்றும் மறையெண்ணைக் கடன் என்றும் கொண்டார். ஈடும் ஒற்றியும் நன்கறிந்த யாழ்ப்பாணத்தானுக்கு இந்த விளக்கம் எளிதில் விளங்கும். ஆயின் கடன் என்ற பொருள் பணத்துக்குத்தான் பொருந்தும். குரங்குக்கும் கோட்டுக்கும் பொருந்துமா?

1150ஆம் ஆண்டிலே பாஸ்கராசாரியர் இவ்விரண்டையும் எதிர்கொண்டார். அவருடைய பீசகணிதத்தில் ஒரு குரங்குக் கணக்கு உண்டு. ஒரு கூட்டத்தின் ஐந்திலொரு பங்கில் மூன்றைக் குறைத்து, அதனை வர்க்கித்து வந்த தொகையினதான குரங்குகள் குகைக்குட் சென்றன. ஒன்று மட்டும் வெளியே காணப்பட்டது. கூட்டத்தில் எத்தனை குரங்குகள் என்பது கேள்வி. மூலங்கள் 50, 5 என இரண்டு. இரண்டும் நேரெண்கள், இரண்டும் சமன்பாட்டைத் திருப்தி செய்வன. எனினும் 5 என்பதைப் பாஸ்கரர் ஏற்கவில்லை. ஐந்திலொரு பங்கு ஒன்று. அதில் மூன்றைக் குறைத்தால் மறை இரண்டு. இல்லாத குரங்குகளை வர்க்கித்து நான்கு குரங்குகளைக் குகைக்குள் அனுப்புவதை உலகத்தார் ஒப்பமாட்டார்கள் என்பது அவர் கருத்து. அவர் உலகத்தாரைச் சாட்சிக்கு அழைத்ததைக் கவனிக்க வேண்டும். மறையென்று ஒரு விதியைக் காட்டி அவர் தள்ளவில்லை. தள்ளப்பட்ட 5 மறையெண்ணே அன்று. கணக்கின் பொருளுக்குள் இறங்கி, குரங்கைக் குரங்காகப் பார்த்தே அவர் தீர்ப்புச் சொன்னார்.

அதே பாஸ்கரர் லீலாவதியில் ஒரு முக்கோணத்தை எடுத்துக்கொள்கிறார். பக்கங்கள் 10, 17; அடி 9. உச்சியிலிருந்து அடிக்குச் செங்குத்து இறக்கினால் அடி எவ்வாறு பிரியும்? ஒரு துண்டு 15 என்றும் மற்றையது மறை 6 என்றும் வருகிறது. மறையான நீளம் உண்டா? இங்கே அவர் தள்ளவில்லை. அத்துண்டு எதிர்த்திசையில் உள்ளது என்று விளக்குகிறார். படத்தை வரைந்து பார்த்தால், செங்குத்து அடிக்கு வெளியே 6 அலகு தள்ளி விழுவது தெரியும். அதன் உயரம் 8. பக்கங்கள் இரண்டும் சரியாகவே பொருந்துகின்றன.

ஒரே மனிதர்; ஒன்றில் விலக்கினார், ஒன்றில் விளக்கினார். குரங்குக்கு எதிர்த்திசை இல்லை, கோட்டுக்கு உண்டு. காலத்துக்கும் எதிர்த்திசை உண்டு. அதனால் நமது பனைக் கணக்கு, லீலாவதியின் முக்கோணத்தோடு சேர்ந்ததே தவிரக் குரங்குக் கணக்கோடு சேர்ந்ததன்று. பாஸ்கரருக்கு ஏறக்குறைய 500 ஆண்டுகள் பிந்தி, 1637இல், பிரான்ஸ் தேசத்துத் தத்துவஞானி டேக்கார்ட் மறை மூலங்களைப் ‘பொய் மூலங்கள்’ என்றே குறித்தார் என்பதையும் நினைத்தால், லீலாவதியின் அந்தச் சிறு விளக்கத்தின் பெருமை புலப்படும்.

பாஸ்கரர் நூலின் பெயர் யாழ்ப்பாணத்துக்கு வந்த கதை சுவையானது. அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையிலே தொடங்கிய கல்விச்சாலை, பின்னர் வட்டுக்கோட்டை செமினரி என்று பெயர் பெற்றது. அட்சரகணிதம், கேத்திரகணிதம், வானசாஸ்திரம், இயக்கவியல் முதலியன அங்கே ஆழமாகப் போதிக்கப்பட்டன. அது ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களுடன் ஒப்பிடத்தக்கது என்று எமர்சன் டெனன்ட் 1850இல் எழுதினார். மிஷனரிமாரின் நோக்கம் மதமாற்றமே என்பதில் ஐயமில்லை. இருந்தும், நோக்கம் ஒன்றாயிருக்க விளைவு வேறாவது சரித்திரத்தில் புதிதன்று.

1829ஆம் ஆண்டுச் சந்திரகிரகணத்தைப் பற்றிய சம்பவத்தை இங்கே சொல்லவேண்டும். அராலி விசுவநாத சாஸ்திரியார் பரம்பரை வழியாகப் பஞ்சாங்கம் கணித்தவர். அவருடைய கணிப்பிற் பிழையுண்டு என்று செமினரி அதிபர் டானியல் பூவர் கண்டு, தம் கணிப்பை முன்கூட்டியே வெளியிட்டார். குறித்த இரவிற் பலரும் வானத்தைப் பார்த்திருந்தனர். பூவரின் கணிப்பே சரியென நிலைத்தது. மிஷனரிமார் இதனைத் தமது மதத்தின் வெற்றியாகக் காட்டினர். அது நியாயமன்று. சாஸ்திரியாரின் முறையும் கணிதமே. திருத்தப்படாமற் கிடந்த பழைய எண்களே அவரைக் கைவிட்டன. அன்றிரவு தீர்ப்பு வழங்கியது வேதமுமன்று, சித்தாந்தமுமன்று, வானமே. செமினரியின் இரண்டாம் அதிபராக வந்த ஹொய்சிங்டன் இந்திய வானசாஸ்திரத்தைப் புறக்கணிக்காமல், அதனைத் தமிழ் மூலத்தோடும் ஆங்கில விளக்கத்தோடும் 1848இல் யாழ்ப்பாணத்திலேயே அச்சிட்டார் என்பதையும் சொல்லாமல் விடுதல் தகாது.

அச்செமினரியிற் படித்தவர் சுதுமலையைச் சேர்ந்த கறல் விசுவநாதபிள்ளை. அவர் தமிழில் எழுதிய பீசகணிதம் 1855இல் வெளிவந்தது. அதே 1855இல், ஆங்கிலக் கல்வி மிஷனின் நோக்கத்துக்கு உதவவில்லை என்று கருதிய அமெரிக்கத் தலைமை, செமினரியை மூடியது. கல்லூரி மூடப்பட்ட ஆண்டில் அக்கல்லூரியின் மாணவர் ஒருவர் பாஸ்கரர் நூலின் பெயரைத் தாங்கிய கணித நூலைத் தமிழுக்குக் கொடுத்தார். இரண்டு ஆண்டுகளின் பின்னர், 1857இல், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் தேறினர். ஏடுகளிற் கிடந்த இலக்கியங்களை அச்சேற்றிய தாமோதரம்பிள்ளையைத் தமிழுலகம் நன்றியோடு நினைக்கிறது. பீசகணிதம் எழுதியவரை அந்த அளவுக்கு நினைக்கக் காணோம். இலக்கியத்தைச் சொத்தென்றும் கணிதத்தைச் சாதனமென்றும் கருதுகிற நமது மனப்பான்மைக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

சாதனம் என்றோம். எதற்குச் சாதனம்? வரண்ட நிலம், சிறு காணி, சீதனச் சுமை. இவற்றுக்கிடையே வாழ்ந்த யாழ்ப்பாணத்து நடுத்தரக் குடும்பத்துக்குக் கணிதம் உத்தியோகத்துக்கு ஏணியாயிற்று. நில அளவையாளர், புகையிரதப் பகுதிக் கணக்கர், திறைசேரிக் குமாஸ்தா எனக் கொழும்புக்கும் மலாயாவுக்கும் ஏறிச்செல்ல அவ்வேணி உதவியது. ஏணியில் ஏறுபவன் அதன் மரம் எதுவென்று கேட்பதில்லை. பரீட்சைக்கு வேண்டியது விடை. அந்த விடைக்குரிய புள்ளி. விலக்கப்பட்ட மூலத்தை ஏன் விலக்கினோம் என்று கேட்டவனுக்குப் புள்ளி கூடுவதில்லை, நேரந்தான் குறையும். ‘தள்ளப்படும்’ என்ற வசனம் இவ்வாறே சடங்காக உறைந்தது.

அந்த ஏணியும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. நாம் மேலே ஒரு கணக்குக்காகப் பனையின் வட்டில் ஒருவனை ஏற்றிவைத்தோம். உண்மையிலே நாள்தோறும் பனையேறியவனின் பிள்ளைக்கு, இக்கணக்குப் போதிக்கப்பட்ட வகுப்பறையிலே நெடுங்காலம் வாங்கில் இடமில்லை. சில பாடசாலைகள் அனுமதிக்கவேயில்லை. அனுமதித்த சிலவற்றில் நிலத்தில் இருத்தின. சம ஆசனம் வேண்டும் என்ற கோரிக்கை 1920களின் பிற்பகுதியிலும் 1930களிலும் எழுந்தபோது, அதனை எதிர்த்தவர்கள் படித்த குடும்பத்தவரே. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸைச் சேர்ந்த ஆசிரியர்களும் மாணவர்களும் அக்காலத்திலே சாதிக்கெதிராக நின்றார்கள் என்பது நமது சரித்திரத்தின் நல்ல பக்கங்களுள் ஒன்று. உயரமும் வீழ்ச்சியும் உடம்பால் அறிந்தவனைக் கணக்குக்குள் மாத்திரம் அனுமதித்து, வகுப்பறைக்கு வெளியே நிறுத்திய சமுதாயம் கணிதத்தைப் பொருளோடு படிப்பித்திருக்கும் என்று எதிர்பார்ப்பது கடினம்.

எனினும் அதே குடாநாட்டுப் பாடசாலைகளிலிருந்து, விலக்கப்படும் விடைகளையே தம் ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்ட ஒருவர் தோன்றினார். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிற் பயின்ற கிறிஸ்ரி ஜெயரத்தினம் எலியேசர் (1918–2001) கேம்பிரிட்ஜிலே டிராக் என்னும் மேதையிடம் ஆராய்ச்சி செய்தார். தள்ளப்படும் மூலத்தைத் தள்ளாமல் விட்டால் என்ன நிகழும் என்பதற்கு டிராக்கைப் போன்ற எடுத்துக்காட்டு வேறில்லை. சார்பியலின்படி ஒரு துணிக்கையின் சக்தியைக் காண ஒரு வர்க்கமூலம் எடுக்கவேண்டும். ஆதலால் நேர்ச்சக்தி, மறைச்சக்தி என இரு விடைகள். மறைச்சக்தி இயற்கையில் இல்லையென்று கோடு கிழிப்பது எளிது. 1928இல் தாம் அமைத்த சமன்பாட்டில் அவ்விடைகளைக் கிழித்தெறிய முடியாதென்று டிராக் கண்டார். அவற்றுக்குப் பொருள் தேடிப்போய், இலத்திரனைப் போன்றதும் நேரேற்றமுடையதுமான ஒரு துணிக்கை இருக்கவேண்டுமென்று 1931இல் எழுதினார். அடுத்த ஆண்டிலேயே அமெரிக்காவிலே கார்ல் அன்டர்சன் அதனைக் கண்டுபிடித்தார். இன்று பொசித்திரன் என்று அழைக்கிறோம்.

எலியேசர் எடுத்துக்கொண்ட பிரச்சினை மறுபக்கமானது. கதிர்வீசும் இலத்திரனின் இயக்கத்துக்கு டிராக் 1938இல் ஒரு சமன்பாடு கொடுத்தார். அதன் தீர்வுகள் பல விசித்திரமானவை: எவ்வித விசையும் இல்லாமலே இலத்திரன் தானாக வேகங்கூடி ஓடிக்கொண்டேயிருக்கும். இத்தகைய ஓடுகாலித் தீர்வுகளை விலக்கிவிட்டு, ஒழுங்கான தீர்வுகளை மட்டும் கொள்ளலாம் என்பது டிராக்கின் யோசனை. நமது வகுப்பறையின் ‘தள்ளப்படும்’ என்ற அதே வசனந்தான். ஆனால் காரணம் கூறி, விளைவுகளையும் ஆராய்ந்து சொன்ன வசனம். எலியேசர் 1943இல் ஐதரசன் அணுவை எடுத்து, கருவை நோக்கி நேராக விழும் இலத்திரனுக்கு அச்சமன்பாட்டைப் பிரயோகித்தார். இலத்திரன் கருவை அடையவேயில்லை. பாதி வழியில் திரும்பி, ஓயாது வேகங்கூடி வெளியே ஓடியது. அதாவது அங்கே தள்ளுவதற்குத் தீர்வுகள் உண்டு; கொள்ளுவதற்கு ஒன்றுமில்லை! இரு மூலங்களும் குரங்குக் கணக்கின் ஐந்தைப் போல நின்றால் என்ன செய்வது? சமன்பாட்டையே சந்தேகிக்கவேண்டும். 1948இல் எலியேசர் வேறொரு சமன்பாட்டை முன்வைத்தார். அதில் அந்த ஓடுகாலித் தீர்வுகள் எழவில்லை. அவர் பெயர் இன்றும் அச்சமன்பாட்டோடு சேர்த்து வழங்கப்படுகிறது. 1949 முதற் பத்து ஆண்டுகள் இலங்கைப் பல்கலைக்கழகத்திலே கணிதப் பேராசிரியராக விளங்கிய இவரது ஆராய்ச்சியின் சாரத்தை உயர்தர மாணவனுக்கும் விளங்கும் தமிழிற் சொல்ல முடியும். சொல்லியிருக்கிறோமா?

தமிழிற் சொல்லும் ஆற்றல் நமக்கு இல்லாமலில்லை. சுயபாஷைக் கல்வி வந்தபோது அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகள் வெளியாயின. ஆர்முடுகல், அமர்முடுகல், வீச்சு, எறியம், பரவளைவு என்ற சொற்கள் இலங்கை மாணவனின் நாவிற் பழகின. தமிழகம் முடுக்கம் என்றும் எறிபொருள் என்றும் சொல்வதை நாம் வேறாகச் சொல்கிறோம். அதனாற் குடி முழுகிவிடவில்லை. (ஆர்முடுகல் என்ற சொல்லின் வேகத்தை முடுக்கம் தரவில்லை என்பது எம் கட்சி.) சொல் கிடைத்தது, ஆனால் அச்சொல்லாற் சிந்திக்கும் ஓய்வு கிடைக்கவில்லை. 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதியிலே தரப்படுத்தல் புகுந்தது. பேராதனைப் பொறியியற் பீடத்துக்குச் சிங்கள மொழிமூலம் தோற்றியவருக்கு 227 புள்ளிகளும் தமிழ் மொழிமூலம் தோற்றியவருக்கு 250 புள்ளிகளும் வேண்டப்பட்டன. மொழியால் மாணவரைப் பிரித்த அநீதி இது. சிங்கள உழைப்பாளியின் பிள்ளைக்கும் தமிழ் உழைப்பாளியின் பிள்ளைக்கும் போதிய பல்கலைக்கழக இடங்களை ஆக்கித்தராத அரசு, இருந்த இடங்களுக்காக இருவரையும் மோதவிட்டது. அதன் அரசியல் விளைவுகளைப் பலர் எழுதியுள்ளனர். வகுப்பறைக்குள் அது செய்ததைக் குறைவாகவே எழுதினர். ஒவ்வொரு புள்ளியும் உயிர்ப்புள்ளியாயிற்று. தனியார் கல்வி நிலையங்களின் தகரக் கொட்டில்களில் நூற்றுக்கணக்கானோர் நெருங்கியிருந்து, எறியக் கணக்கின் படிமுறைகளை மனனஞ் செய்தனர். ‘ந பூச்சியத்திலும் பெரிது, ஆகவே…’ என்ற வரிக்கு ஒரு புள்ளி. அந்த வரியை எழுதியவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. அவருடைய எதிர்காலம் அதிலே தொங்கியது.

இனி, தள்ளமுடியாத இரு மூலங்களின் கதைக்கு வருவோம். எறியக் கணக்குகளிற் சிலவற்றில் இரண்டு விடைகளும் நேராகவே வரும். மேலே போகும்போது ஒரு முறையும் கீழே வரும்போது ஒரு முறையும் கல் ஒரே உயரத்தைக் கடக்கும். அங்கே இரண்டும் மெய். இதைவிட முக்கியமானது கோணத்தைப் பற்றிய கேள்வி. குறித்த வேகத்தோடு புறப்படும் குண்டு குறித்த இடத்தில் விழவேண்டுமானால் எக்கோணத்தில் எறியவேண்டும்? அடையத்தக்க உயர்ந்த வீச்சின் பாதித் தூரத்தில் இலக்கு இருப்பதாகக் கொள்வோம். கோணத்தின் தான்சனைச் ‘ச’ என்று குறித்தால், ச² − 4ச + 1 = 0 என்று வரும். கோணங்கள் 15 பாகை, 75 பாகை. இரண்டும் 45 பாகையிலிருந்து சம தூரத்திலுள்ளவை. இவ்வாறு சோடியான கோணங்கள் ஒரே வீச்சைத் தரும் என்பதைக் கலிலியோ 1638இல் நிறுவினார். பரவளைவுப் பாதை என்ற கண்டுபிடிப்பே பீரங்கியின் காலத்திற் பிறந்தது. அவருக்கு நூறாண்டு முன்னர், 1537இல், தார்த்தாலியா எழுதிய நூலும் பீரங்கி வீச்சைப் பற்றியதே. விஞ்ஞானம் எவருடைய தேவைக்கு விடை தேடிற்று என்பதை இது காட்டும்.

அப்பீரங்கிகள் யாழ்ப்பாணத்துக்கும் வந்தன. போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை ஒல்லாந்தர் முற்றுகையிட்டு 1658 ஜூனிற் கைப்பற்றினர். பின்னர் அதனை ஐந்து கொத்தளங்களும் அகழியும் கொண்ட ஐங்கோணமாகத் திருத்திக் கட்டினர். கோட்டையின் வடிவமே ஒரு மூலத்துக்கு அளித்த விடை. தாழ்ந்த கோணத்தில், ஏறக்குறையக் கிடையாக வரும் குண்டைத் தாங்கவே சுவர்கள் பருத்துத் தாழ்ந்து நிற்கின்றன. உயர்ந்த கோணத்தின் குண்டு சுவரை மதிப்பதில்லை. அது சுவருக்கு மேலாக ஏறி, செங்குத்தாக உள்ளே விழும். மோட்டார் என்னும் குறுங்குழாய்ப் பீரங்கி இந்த இரண்டாம் மூலத்துக்காகவே செய்யப்பட்டது. 1795இல் ஆங்கிலேயர் வந்தபோது கோட்டை பெரும் எதிர்ப்பின்றிக் கைமாறியது. அக்கோட்டைச் சுவர்கள் தம் பெருஞ் சோதனையைச் சந்திக்க மேலும் ஏறக்குறைய 200 ஆண்டுகள் கழியவேண்டியிருந்தன.

1980களின் நடுப்பகுதியிலிருந்து குடாநாட்டு மக்கள் எறிகணை என்ற சொல்லைப் பத்திரிகைகளிற் படித்தனர்; வாயினால் ஷெல் என்றனர். எறியமும் எறிகணையும் ஒரே வேரின. ஒன்று பரீட்சை மண்டபத்தில், மற்றது முற்றத்தில். 1990இற் கோட்டை முற்றுகைக்குள்ளாகிப் பெரிதும் சிதைந்தது. அவ்வாண்டிற் குடாநாட்டின் மின்சாரமும் நின்றது; பல ஆண்டுகள் திரும்பவில்லை. போத்தல் விளக்கின் ஒளியிலே உயர்தர மாணவர் கணக்குச் செய்தனர். அவர்கள் செய்த கணக்குகளின் தலைப்பில் ‘வளித்தடையைப் புறக்கணிக்க’ என்று எழுதியிருக்கும். பெஞ்சமின் றொபின்ஸ் 1742இலேயே, வேகமாகச் செல்லும் பீரங்கிக் குண்டின் வீச்சை வளித்தடை பெரிதுங் குறைத்துவிடுகிறது என்று காட்டியிருந்தார். ஆகையாற் பாடநூலின் ‘கொள்ளப்பட்ட’ மூலமும் உலகத்தின் மூலமன்று. இதையும் நாம் மாணவருக்குச் சொல்வது அரிது.

ஆனால் வளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாதைகள் இரண்டு என்ற உண்மை மாறுவதில்லை. தாழ்ந்த பாதையில் வருவதற்கு வீட்டுச் சுவரோ மண்ணணையோ ஓரளவு தடையாகலாம். உயர்ந்த பாதையில் வருவதற்குக் கூரை வேண்டும். ஓட்டுக் கூரை போதாது. ஆகவே மக்கள் முற்றத்திலே குழி வெட்டினர். குழிக்கு மேலே பனங்குற்றிகளை அடுக்கி, அவற்றின் மேல் மண் மூட்டைகளைப் பரப்பினர். எண்ணற்ற பனைகள் இதற்காகத் தறிக்கப்பட்டன. நமது பாடக்கணக்கில் 48 அடி உயர்ந்து நின்ற பனை, இங்கே கிடையாகக் கிடந்து பிள்ளைகளைக் காத்தது. இலக்கு வீச்சுக்கு அப்பாற்பட்டதாயின் சமன்பாட்டுக்கு மெய் மூலங்கள் இல்லை. கற்பனை மூலங்களே வரும். வகுப்பறையில் ‘தீர்வு இல்லை’ என்று எழுதிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுகிறோம். எந்தக் கிராமத்துக்கு எந்த முகாமிலிருந்து எறிகணை எட்டாது என்று அறிந்து இடம்பெயர்ந்து சென்ற குடும்பங்கள், கற்பனை மூலத்தின் பொருளைத் தேடியே மூட்டை முடிச்சுகளோடு நடந்தன.

கணிதம் படியாத கிழவிகளும் நேரத்தின் மூலத்தை அறிந்திருந்தனர். தொலைவில் மோட்டார் புறப்படும் வெடியோசை கேட்டதும் எண்ணத் தொடங்குவார்கள். மோட்டார்க் குண்டு ஒலியினும் மெதுவாகச் செல்வது. ஆதலால் ஓசை முந்திவந்து எச்சரிக்கும். எண்ணிக்கை முடியுமுன் பிள்ளைகளைக் குழிக்குள் இறக்கிவிட வேண்டும். நாம் மேலே கண்ட கணக்கின்படி, 75 பாகையில் ஏறியது விழ எடுக்கும் நேரம், 15 பாகையில் வந்ததன் நேரத்தைப் போல ஏறக்குறைய மூன்றேமுக்கால் மடங்கு. உயர்ந்த மூலமே கொடியது. அதுவே சற்றுக் கூடுதலான அவகாசமும் கொடுத்தது.